பழைய சங்கிலிவாளைப் புதுக்குதல்

கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் ரப்பர்த் தோட்டமுடைய இல்லங்களின் விறகுப்புரையை எட்டிப் பார்ப்போமாயின், பால் வடிக்கும் உடைந்த சிரட்டைகளுக்கும் முறிந்த ஏணிக்கும் நடுவே, சாக்கினால் மூடப்பட்ட பழைய சங்கிலிவாள் ஒன்று கிடத்தல் அரிதன்று. தந்தையாரோ, பாட்டனாரோ, சிறிய தந்தையாரோ கையாண்ட பொருள் அது. அவர் காலத்துக்குப்பின் அதனைத் தொடுவாரில்லை. பழைய இரும்பு வாங்குவோனிடம் கொடுத்துவிடவும் எவர்க்கும் மனம் வருவதில்லை. நம் கல்லூரி மாணவருள் இவ்வாறு ஒரு வாளுக்கு உரியவர் சிலரேனும் இருப்பர். அதனை மீண்டும் ஓடச் செய்வது எவ்வாறு, ஓடியபின் எவ்வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம், எவ்வேலையை ஒப்படைத்தல் ஆகாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம். முன்னதினும் பின்னதே பெரிய கேள்வி என்பது எம் கருத்து. எஞ்சின் உறுமத் தொடங்கியவுடன் வேலை முடிந்ததென மகிழ்ந்து தோட்டத்துக்கு ஓடுவோர் பலர். உண்மையில் கவலைப்படவேண்டிய நேரம் அப்பொழுதுதான் தொடங்குகின்றது.

மரம் அறுக்கும் இச்சங்கிலி மரத்துக்கென்றே பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்துலாந்து நாட்டு மருத்துவராகிய ஜான் எயிட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்னும் இருவர், பேற்றுக் காலத்தில் குழந்தை வெளிவரமாட்டாது இடர்ப்படும் தாய்மாரின் இடுப்பெலும்பை அறுத்து வழி செய்தற்காகப் பற்களமைந்த நுண்ணிய சங்கிலியைக் கையாண்டனர். 1830-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியராகிய பெர்ன்ஹார்ட் ஹைனே என்பார், கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடும் எலும்புவாள் ஒன்றை அமைத்தார். நூறாண்டு கழிந்த பின்னரே அது காட்டுக்கு வந்தது. 1926-இல் ஆந்திரேயாஸ் ஷ்டீல் மின்சாரத்தால் ஓடும் வாள் ஒன்றைச் செய்தார். 1927-இல் எமில் லெர்ப் என்பார் பெட்ரோலால் ஓடும் வாளை ஜெர்மனியின் தூரிங்கிய நாட்டிலுள்ள தோல்மர் என்னும் மலையிற் சோதித்துப் பார்த்து, அம்மலையின் பெயரையே தம் வாளுக்கும் சூட்டினார். இவையெல்லாம் இருவர் கூடிப் பிடிக்கவேண்டிய பெருஞ்சுமைகள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அலுமினியம், மக்னீசியம் முதலிய நொய்ய உலோகங்கள் பெருகவே, ஒருவர் தூக்கும் வாள்கள் தோன்றின. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மரவெட்டியாகிய ஜோசப் காக்ஸ், 1946-இல் மரத்தைக் குடைந்து செல்லும் வண்டின் புழு ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். அது தன் வாயுறுப்புகளை இடமும் வலமுமாய் அசைத்து மரத்தைச் சீவிச் செல்வதைக் கண்டு, அவ்வண்ணமே இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி வரும் சங்கிலியை அடுத்த ஆண்டிலேயே விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்றைக்கும் நாம் அரம்போடும் பல் அப்புழுவினிடம் கற்ற பல்லேயாம்.

நிற்க. யாம் புதுக்கிய வாள் 070 என்னும் எண்ணுடையது. 1959-இல் வெளிவந்த கான்ட்ரா என்னும் வாளின் வழியில் வந்தது. எம் சிறிய தந்தையார், முதிர்ந்த ரப்பர் மரங்களைக் குத்தகைக்கு முறிக்கும் தொழிலில் ஏறக்குறைய இருபதாண்டு அதனைத் தூக்கிச் சுமந்தவர். இவ்வகை வாளின் உருளை 58 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டனின் வீச்சு 40 மில்லிமீட்டரும் உடையன. கொள்ளளவு 106 கன சென்டிமீட்டர். சாலையில் ஓடும் சிறு மோட்டார் சைக்கிளின் எஞ்சினை இரு கைகளால் தூக்கி, அதன் வாயில் ஒரு கத்திச் சங்கிலியை மாட்டியதாக எண்ணிக்கொண்டால் பிழையாகாது. வாட்பலகையும் சங்கிலியும் பூட்டாமலே பத்துக் கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. வேகம் குறைவு, இழுவை பெரிது. இக்குணத்தைப் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

எஞ்சின் தொழிற்படும் முறையைச் சிறிது அறிந்தாலன்றி நோய் இன்னதெனக் காணல் இயலாது. இஃது இருவீச்சு எஞ்சின். தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலிற் கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் தண்டுகளுக்கும் உயவு. பிஸ்டன் மேலேறும்போது கீழுள்ள பெட்டகத்துக்குள் காற்றும் பெட்ரோலும் உறிஞ்சப்படுகின்றன. கீழிறங்கும்போது அக்கலவை நெருக்குண்டு பக்கவழியே உருளைக்குள் ஏறுகின்றது. ஆதலின் கீழ்ப்பெட்டகம் காற்றுப்புகாத பெட்டியாய் இருத்தல் இன்றியமையாதது. எங்கேனும் மயிரிழையளவு ஒழுக்கு இருப்பினும் வேண்டாத காற்று புகும், கலவை மெலியும், மெலிந்த கலவையில் எண்ணெயும் குறைவாதலால் பிஸ்டன் சூடேறி உருளையோடு பற்றிக்கொள்ளும். பழைய வாள்கள் மாண்டுபோவது பெரும்பாலும் இவ்வொரு நோயினாலேயே.

ஆகவே கயிற்றை இழுத்துப் பார்த்தல் முதல் வேலையன்று. சைலன்சரைக் கழற்றி, வெளிப்போக்குத் துளை வழியே கைவிளக்கின் ஒளியில் பிஸ்டனை நோக்குதலே முதல் வேலை. அதன் பக்கம் சாம்பல் நிறத்து மழமழப்போடு இருந்தால் நன்று. வெளிப்போக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருப்பின், மெலிந்த கலவையோ எண்ணெய்க் குறைவோ காரணம். உட்போக்குப் பக்கத்திற் கீறியிருப்பின், காற்று வடிகட்டியைத் தாண்டிப் புழுதி புகுந்துள்ளது என்க. ஒரே பிஸ்டனின் இரு பக்கங்களும் வெவ்வேறு வரலாறு சொல்லும். அடுத்து, பிளக்குத் துளையில் அழுத்தமானியை வைத்து இழுத்தால், சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு மேல் காட்டுமாயின் நம்பிக்கை வைக்கலாம். 100-க்குக் கீழிறங்கின் வளையங்களையேனும் மாற்றவேண்டும். எம் வாளைப் பார்த்த குலசேகரத்து மெக்கானிக்கு ஒருவர், "சாரே, மூச்சு உண்டு, இருமல்தான் கூடுதல்" என்றார். அது சரியான நோய்க்குறிப்பே.

உருளையின் உட்சுவர் கடினமான மெல்லிய பூச்சுடையது. வார்ப்பிரும்பு எஞ்சினைப்போல் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடும் வழக்கம் இதற்குப் பொருந்தாது. பிஸ்டனின் அலுமினியம் சுவரில் ஒட்டியிருந்தால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சில் தோய்த்து அவ்விடத்தில் மட்டும் ஒற்றவேண்டும். நுரைத்தெழுந்து அலுமினியம் கரையும், பூச்சு கரையாது. ஆனால் பூச்சு தேய்ந்து உட்பகுதி வெளிப்பட்ட இடமிருந்தால் அங்கு உருளையையே அது தின்னும். ஆதலாற் சிறிது சிறிதாய் ஒற்றி, உடனுக்குடன் நீரால் அலம்புக. புதிய உருளை வாங்குவோர்க்கு ஒரு சொல்: 070-க்குப் போலிப் பாகங்கள் கடைத்தெருவில் மலிந்துள்ளன. அவற்றுட் சிலவற்றில் துளைகளின் விளிம்பு மழுக்கப்படாது கூராய் நிற்கும். பிஸ்டன் வளையம் அதில் இடறி முறியும். விரலை உள்ளேவிட்டுத் தடவிப் பார்த்தே கூர் உண்டா இல்லையா என்பதை அறிந்துகொள்ளலாம்.

பழைய கேஸ்கெட்டுகள் சிலவற்றிற் கல்நார் கலந்திருத்தல் கூடும். உலர்ந்தபடியே சுரண்டித் தூளை ஊதிவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடே பொதிந்து அப்புறப்படுத்துக.

கழற்றும்போது இரண்டு நுட்பங்கள் உள. கிளச்சு, பெரும்பாலான சங்கிலிவாள்களில், நாம் வழக்கமாய்க் கழற்றும் திசைக்கு எதிர்த்திசையிற் கழலும். அதை அறியாதார் முழு வலியையும் செலுத்தி மேலும் இறுக்கிவிடுவர். தண்டு சுழலாமல் நிறுத்துவதற்கு இரும்பாணியைத் திணித்தல் கேடு. பிளக்குத் துளை வழியே பருத்திக் கயிற்றை உள்ளே செலுத்தி, பிஸ்டன் அதன்மேல் மெத்தென முட்டி நிற்கும்படி செய்தலே நன்று.

எண்ணெய் அடைப்புகள் இரண்டையும், அவை நன்றாய்த் தோன்றினும், மாற்றிவிடுக. ரப்பர் முதுமையால் விறைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மாற்றிப் பூட்டியபின், சைக்கிள் ட்யூபை வெட்டி உட்போக்கு வெளிப்போக்குத் துளைகளை அடைத்து, அழுத்தமானி பொருத்திய கைப்பம்பினால் பெட்டகத்துக்குள் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் ஏற்றுக. முள் சில நிமிடம் அசையாது நின்றால் பெட்டகம் உறுதி. இறங்கினால் சோப்பு நீரைப் பூசிக் குமிழி எழும் இடத்தைக் காண்க. அடைப்புகள் உறிஞ்சும்போது மட்டும் ஒழுகுவதும் உண்டாதலால், பம்பைத் திருப்பி மாட்டி வெற்றிடச் சோதனையும் செய்தல் வேண்டும். இச்சோதனைக்கு அரைமணி நேரம் ஆகும். இதனைச் செய்யாது விட்டுப் புதுப் பிஸ்டனைப் போட்டு, ஒரே வாரத்தில் அதனையும் கருக்கிக்கொண்டவர்களை யாம் அறிவோம்.

இனிக் கார்புரேட்டர். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்று பெட்ரோலை அளந்து விடுவதாலேயே சங்கிலிவாளைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்க முடிகின்றது. அச்சவ்வு புதிதாயிருக்கையில் துணிபோல் துவளும்; பழையதாயின் உலர்ந்த இலைபோற் சலசலக்கும். சவ்வுகளும் கேஸ்கெட்டுகளும் அடங்கிய பொட்டலம் மலிவாய்க் கிடைக்கின்றது, வாங்கி மாற்றுக. உள்ளிருக்கும் சிறு நெம்புகோலின் நுனி அறையின் தளத்தோடு ஒரே மட்டமாய் இருத்தல் வேண்டும். வெளியேயுள்ள இரு திருகுகளையும் மெல்ல மூடி, ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றுத் திறந்து தொடங்கலாம்.

இவ்விடத்தில், எம் சிறிய தந்தையார் காலத்தில் இல்லாத ஒரு தொல்லையைச் சொல்லவேண்டும். இந்தியாவில் 2025-ஆம் ஆண்டளவில் பெட்ரோலோடு 20 விழுக்காடு எத்தனால் கலந்து விற்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாயையும் சவ்வையும் ஊதவும் விறைக்கவும் செய்யும். அன்றியும், எத்தனால் எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். பழைய அளவிலேயே திருகு நின்றால் கலவை மெலியும். மெலிவின் விளைவை மேலே கண்டோம். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாயும் சவ்வும் போடுதலும், உயர்வேகத் திருகைச் சிறிது கூடுதலாய்த் திறந்து வைத்தலும் இக்காலத்துக்கு இன்றியமையாத திருத்தங்கள். எண்ணெய் அளவைப் பொறுத்தவரை, பழங்காலத்து எண்ணெய்க்கு 25-க்கு 1 என்பது விதி. அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லிலிட்டர். இன்றைய உயர்தர இருவீச்சு எண்ணெய்க்கு 50-க்கு 1 போதுமென்பர். தொடர்ந்து பெருஞ்சுமை இழுக்கும் முதிய எஞ்சினுக்கு 40-க்கு 1, அதாவது லிட்டருக்கு 25 மில்லிலிட்டர், வைப்பதே எமக்கு உவப்பு. சிறிது புகைந்தால் குடி முழுகிவிடாது.

தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பழைய வாள்களில் பாயிண்டும் கண்டென்சரும் இருக்கும். பாயிண்டின் முகத்தைத் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்து, பிளக்கின் இடைவெளியை 0.5 மில்லிமீட்டராக்கினாற் பெரும்பாலும் பொறி வரும். கண்டென்சர் கெட்டிருந்தாற் புதியது தேடி அலைவதைவிட, இரண்டுக்கும் பதிலாகத் தீப்பெட்டியினும் சிறியதான மின்னணுத் துண்டு ஒன்றைப் பொருத்திவிடலாம். பழமை கெட்டுவிடுமே என வருந்துவோர் பாயிண்டை ஒரு டப்பியிலிட்டு வைத்துக்கொள்க.

சங்கிலி, வாட்பலகை ஆகிய இரண்டிலும் சிக்கனம் பாராட்டுதல் கூடாது. 070-க்கு உரிய பெருஞ்சங்கிலியின் இடைமானம் 0.404 அங்குலம், அதற்கு 5.5 மில்லிமீட்டர் வட்ட அரம் வேண்டும். பல்லுக்கு முன்னுள்ள ஆழமட்டம் பல்லின் நுனியைவிட 0.8 மில்லிமீட்டர் தாழ்ந்திருத்தல் முறை. 'அப்போதுதான் வேகமாய்க் கடிக்கும்' என்று அதனை மேலும் தேய்த்துவிடுவோர் உளர். அது கடிப்பது மரத்தை மட்டுமன்று. ஆழமட்டம் தாழத்தாழப் பல் மரத்தில் ஆழமாய்ச் சிக்கும். சிக்கியவுடன் வாள் ஆளை நோக்கி எழும்.

சங்கிலிக்கு வண்டியிலிருந்து வடித்த கரிய எண்ணெயை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். செலவில்லாதது என்பதன்றி அதற்கு வேறு சிறப்பில்லை. அதில் எரிந்த கசடும், புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்களும் உள. சங்கிலியின் வேகத்தில் அது நுண்துளியாய்ச் சிதறி, அறுப்பவன் மூக்கினுள்ளும் தோட்டத்து மண்ணினுள்ளும் புகுகின்றது. சங்கிலிக்கென்றே விற்கும் ஒட்டுந்தன்மையுள்ள எண்ணெயை வாங்குதலே முறை.

இவ்வளவும் செய்து முடித்தால் வாள் ஓடும், அழகாகவே ஓடும். எம் வாள் நான்காம் இழுப்பிற் கிளம்பியபோது பக்கத்து வீட்டுச் சிறுவரெல்லாம் ஓடிவந்துவிட்டனர். இனித்தான் முதலிற் சொன்ன பெரிய கேள்வி.

சங்கிலிவாளின் மூக்கின் மேற்பாதி எதிலேனும் முட்டினால், ஓடும் சங்கிலி அங்கே பற்றிக்கொண்டு, வாள் முழுவதும் அறுப்பவனின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் எழும். மனிதன் அதனை உணர்ந்து கையை எடுப்பதற்கு நேரமில்லை. 1970-களிற் சங்கிலித் தடை என்னும் அமைப்பு வந்தது. முன்கைப்பிடிக்கு முன்னேயுள்ள காப்பில் கை பட்டவுடன் எஃகுப் பட்டை ஒன்று கிளச்சுக் கிண்ணத்தைப் பற்றிச் சங்கிலியை நொடியின் சிறு பகுதியில் நிறுத்திவிடும். பின்வந்த வாள்களில் கை படாமலே, எழும் வேகத்தினாலேயே அது தொழிற்படும். 070-இல் இத்தடை இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர் அணைகளுடன் கூடிய கைப்பிடியும் எம் வாளில் இல்லை. விசையைத் தவறி அழுத்தாதவாறு காக்கும் பூட்டும் இல்லை.

சங்கிலியின் வேகத்தை நாமே கணக்கிடலாம். ஏழு பல் சக்கரம் ஒருமுறை சுழன்றாற் சங்கிலி ஏறக்குறைய 144 மில்லிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 7,000 சுற்றெனின், நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். மரமறுப்போர் அணியும் காப்புக் கால்சட்டையில் நீண்ட இழைகள் அடுக்கியிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அவ்விழைகள் சக்கரத்திற் சுற்றிக்கொண்டு அதனை நிறுத்தும். அவற்றை நொடிக்கு 16, 20, 24 மீட்டர் என வகுத்து விற்கின்றனர். நம் வாளுக்கு 16 போதாது என்பது கணக்கிலேயே விளங்கும். 20 உடையதை வாங்கினும், இழுவை மிகுந்த எஞ்சின் நின்றுவிடுமென்று முற்றும் நம்பியிருத்தல் ஆகாது. வேட்டியை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு இதனைத் தூக்கியவர்கள் நம் முன்னோர். அவர்தம் துணிவைப் போற்றலாம். அவ்வுடையைப் பின்பற்ற வேண்டா.

உடனே தெரியாத கேடுகள் வேறு. எம் சிறிய தந்தையாரிடம் கடைசிப் பத்தாண்டு உரக்கக் கூவியே பேசவேண்டியிருந்தது. காலையில் எழுந்தவுடன் விரல்கள் மரத்துச் சட்டைப் பொத்தானை மாட்டமாட்டாது, "மோனே, இதப் போட்டுத் தா" என்பார். வயது மூப்பென்றே வீட்டார் அனைவரும் கருதினர். வாளின் அதிர்வு விரல்களின் நுண்ணிய குருதிக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும் என்பதைக் குளிர்நாட்டு மருத்துவர் வனத்தொழிலாளரிடையே ஆராய்ந்து கண்டுள்ளனர். அங்கே குளிரில் விரல் வெளுத்துப்போம். நம்போன்ற வெப்ப நாட்டில் வெளுப்பு அரிதாய், மரப்பும் கூச்சமுமே மிகும். ஆதலால் நோயென்றே எண்ணப்படாமற் போகும். ஒலியோ இன்னும் கொடிது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாமென்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகுமென்றும் கணக்கிடுவர். அவ்வாறாயின் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம். 109-க்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பெரிய சங்கிலிவாளின் ஒலி 100-ஐ எளிதிற் கடக்கும். செவிமூடி விலையுயர்ந்த பொருளன்று.

இக்குறைகளுள் எவற்றை நாம் திருத்தவியலும்? அறுந்த சங்கிலி கையை நோக்கிச் சுழலாமற் பிடிக்கும் கட்டை இல்லையாயின் பொருத்தலாம். சைலன்சரைப் புதிதாய் மாற்றலாம். தடையோ அவ்வாறன்று. வாளின் உடலோடு வார்க்கப்பட வேண்டிய உறுப்பு அது. பட்டறையில் இரும்புப் பட்டையை வளைத்து ஒன்றை அமைத்துக்கொண்டால், இருக்கின்றதென்ற நம்பிக்கை மட்டும் கிடைக்கும். வேண்டிய நொடியில் அது பற்றுமென்பதற்கு உறுதியில்லை. இல்லாத தடையைவிடப் பொய்த் தடை தீது.

ஆதலின் நின்ற மரத்தை முறிக்கவும், கிளை கழிக்கவும் இவ்வாளை எடுத்தல் ஆகாது என்று யாம் துணிந்தோம். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்துத் தோட்டங்களைச் சாய்த்தபோது, ஒன்றன்மேலொன்றாய் வளைந்து இறுகிக் கிடந்த மரங்களை அகற்ற இத்தகைய பழைய வாள்கள் பலவும் புரைகளினின்று வெளிவந்தன. அவ்வகை மரமே எல்லாவற்றினும் பொல்லாதது. வில்போல் வளைந்து நிற்கும் தடியின் இழுபட்ட பக்கத்தை முதலில் அறுத்தால் அது வெடித்துப் பிளந்து ஆளை அடிக்கும். நெருக்குண்ட பக்கத்திற் சிறிது அறுத்துக்கொண்டு பின்னரே மறுபக்கம் செல்லவேண்டும். நெருங்கிய கிளைகளிடையே மூக்கு எங்கே முட்டும் என்று காணவும் இயலாது. அவ்வேலைக்குத் தடையுடன் கூடிய, ஐந்தாறு கிலோ நிறையுள்ள, 50 அல்லது 60 கன சென்டிமீட்டர்ப் புதிய வாளே தக்கது. ரப்பர் மரத்தின் பருமனுக்கு அது தாராளம்.

அப்படியாயிற் பழைய வாளுக்கு வேலையே இல்லையோ எனின், உண்டு. மேலே நினைவிற் கொள்ளச் சொன்ன குணம், குறைந்த வேகமும் பேரிழுவையும், பலகை அறுப்பதற்கென்றே அமைந்ததுபோன்றது. தரையிற் கிடக்கும் பலா, அயினித் தடிகளை நீளவாக்கில் ஈர்தற்கு, வாட்பலகையின் இரு முனைகளையும் பற்றும் இரும்புச் சட்டம் ஒன்று விற்பனைக்கு உண்டு. வெல்டிங் பட்டறையிலும் செய்வித்துக்கொள்ளலாம். மூக்கு அச்சட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் எங்கும் முட்டுவதில்லை. அறுப்பவன் முகத்துக்கு நேரே வாள் எழுவதற்கும் வழியில்லை. வாளின் நிறையைத் தடியே தாங்குகின்றது. கைக்கு வரும் அதிர்வும் குறையும். இச்சட்டமே இவ்வாளுக்கு யாம் செய்த திருத்தங்களுள் தலையானது.

முதல் அறுப்புக்குத் தடியின்மேல் நேரான ஏணியையோ பலகையையோ ஆணியால் பொருத்தி, அதன்மேற் சட்டத்தை நகர்த்துக. அடுத்த அறுப்புகளுக்கு முன் அறுத்த முகமே வழிகாட்டும். சங்கிலிப் பல்லை வழக்கமான 30 பாகைக்குப் பதிலாக 10 பாகையில் அரம்போட்டால் முகம் வழுவழுப்பாகும். இரண்டடி அறுத்தவுடன் பின்னே மர ஆப்புகளைச் செருகாவிடிற் பலகை அமர்ந்து சங்கிலியை நெருக்கும். எஞ்சின் இடைவிடாது முழுச்சுமையில் ஓடுதலால், ஒவ்வோர் அறுப்பின் முடிவிலும் அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டுச் சூடு தணித்து நிறுத்துக. தூளும் புகையும் முகத்தினடியிலேயே எழும். காற்று வரும் பக்கம் நின்று, மூக்கையும் மூடிக்கொள்க. ஒவ்வோர் அறுப்பிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மரம் தூளாகிப்போம் என்பது இம்முறையின் குறை. மில்லிலுள்ள பட்டைவாள் இதிற் காற்பங்கே வீணாக்கும். ஆயினும், லாரி செல்லாத மேட்டுத் தோட்டத்தில் விழுந்த அயினித் தடியை விறகாக வெட்டி விற்பதினும், கிடந்த இடத்திலேயே பலகையாக்கித் தோளிற் சுமந்து இறக்குவது இலாபம். எம் சிறிய தந்தையாரின் வீட்டுக் கதவுகள் இரண்டு இப்பொழுது அவ்வாறு அறுத்த பலகையால் ஆனவை.

அன்றைய வேலை முடிந்ததும், தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியிருப்பது தீர்ந்து தானே நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுக. கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைத்திராமல், ஒரு நாளைக்கு வேண்டிய அளவே கலந்துகொள்க. மழைக்காலம் முழுவதும் வாள் சும்மாவிருக்குமாயின், பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இருவீச்சு எண்ணெயை உள்ளே விட்டு, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்து, மீண்டும் பிளக்கை மாட்டிவைக்க.